வெப் மாஸ்டருக்கு ஒரு நெப்பு எழுதுவது

1

போன மாதம் என் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த முகவரியை நான் தொண்ணூற்றெட்டில் திறந்தேன். இன்று அதற்கு வருபவை எல்லாம் முடி வளரும் தைலமும், நான் வாங்காத லாட்டரிச் சீட்டுக்கு விழுந்த பரிசும்தான். ஆனாலும் மூடவில்லை. பழிவாங்க நினைப்பவனுக்கு நிரந்தர முகவரி ஒன்று வேண்டும்.

எழுதியவர் பெயர் கோமதி. சென்னையில் இருக்கிறாராம்.

"வணக்கம் சார். என் அப்பா வேலாயுதம், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா அவர் பெயரை இணையத்தில் தேடினேன். நீங்கள் பல வருஷத்துக்கு முன் செய்து வைத்த பக்கம் கிடைத்தது; அடியில் மில் பெயரும் உங்கள் முகவரியும் ஆங்கிலத்தில் இருந்தன. ‘வெப் மாஸ்டர் வேலாயுதம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அப்பாவை இவ்வளவு மதித்த ஒருவர் இருந்திருக்கிறாரே! ஆனால் கீழே தமிழில் எழுதியிருப்பது ஒன்றும் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் உடைந்து கிடக்கிறது. அடுத்த மாதம் மடவார் வளாகம் கோயிலில் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். அங்கே இதை வாசிக்க ஆசைப்படுகிறோம். சரியான எழுத்தில் மாற்றி அனுப்ப முடியுமா?"

அலுவலகத்தில் உட்கார்ந்து இதை மூன்று முறை படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். இல்லை, இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு தபால் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றேன். இங்கே தபால் அப்படித் தாமதமாவதில்லை என்பதால் அவருக்கு விளங்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பது பாராட்டு இல்லை. சாபம். தலைப்பும் ஓரத்தில் எரியும் நெருப்புப் படமும் ஆங்கிலக் கணக்கில் செய்தவை என்பதால் பிழைத்துக்கொண்டன. சாபத்தை மட்டும், தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த அந்தக் காலத்தில், ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துரு செத்துப்போய்விட்டது. அதனால் என் வசவுகள் எல்லாம் கொம்பு முளைத்த ரோமன் எழுத்தாகவும் கேள்விக்குறியாகவும் மாறி, பார்ப்பவர்களுக்கு ஏதோ மந்திரம் போலத் தெரிகின்றன. பக்கத்துக்கு இலவசமாக இடம் கொடுத்த கம்பெனியும் மூடியாயிற்று. யாரோ புண்ணியவான்கள் பழைய பக்கங்களை அள்ளி ஒரு களஞ்சியத்தில் போட்டதில் என் கோபமும் ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

இப்போது சபிக்கப்பட்டவரின் மகளே வந்து, ‘கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், மேடை போட்டிருக்கிறோம்’ என்கிறார்.

2

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஆக்ஸ்புர்க் என்ற ஊரில். இதுவும் ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர்தான். மில் கட்டடங்களை எல்லாம் இடிக்காமல் கழுவித் துடைத்து, உள்ளே காப்பிக்கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் அங்கே காப்பி குடிக்கும்போது, ராஜபாளையத்தில் ஏழு மணிச் சங்கு ஊதியது காதில் விழும். குடித்த காப்பி கசக்கும்.

இங்கே வந்த புதிதில் குடியிருப்புச் சீட்டு வாங்க அரசு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா, "தொழில்?" என்றார். ஆறு வார ஜெர்மன் வகுப்பு கொடுத்த தைரியத்தில், வெப் செய்கிறவன் என்பதற்கு நானே ஒரு சொல்லை உண்டாக்கி, "வேபர்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெச்சுகிற பார்வை. தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வேபர் என்றால் ஜெர்மன் மொழியில் நெசவாளி.

கம்பெனி கொடுத்த விசாவில் கணினி வேலை, அரசுச் சீட்டில் தறி வேலை. திருத்தப் போனால், நான் நெசவாளி இல்லை என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். நெசவாளி என்பதற்கு யாரும் சான்று கேட்கவில்லையே என்றேன். அது நீங்களே சொன்னது, இப்போது நீங்களே மறுக்கிறீர்கள், அதனால்தான் ஐயம் வருகிறது என்றார் அந்த அம்மா. நியாயம்தான். மூன்று முறை போய், நான்கு படிவம் நிரப்பி, நெசவிலிருந்து விடுதலை பெற்றேன்.

அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் அந்தப் பக்கம் வெகுநேரம் சிரித்தார். "நல்லதாப் போச்சுலே. எம்புட்டுத் தூரம் ஓடியும் கடைசியில நம்ம லைனுக்குத்தான வந்துருக்க."

அப்பாவின் சிரிப்பு எனக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. ஏன் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

3

அப்பா சீனிச்சாமி, வேலாயுதம் மாஸ்டரின் மில்லில் கார்டிங் பிட்டர். பஞ்சைச் சீப்பு போட்டு வாருகிற மிஷினுக்குக் கார்டிங் என்று பெயர். வாரிய பஞ்சு, சல்லாத் துணியைவிட மெல்லிய படலமாக வெளியே வரும். அந்தப் படலத்துக்கு மில்லில் ‘வெப்’ என்று பெயர். அதில் வாருவதற்கு அகப்படாமல் சிக்கிக்கொண்டு வருகிற குட்டி முடிச்சுக்கு ‘நெப்பு’. ஒரு கருப்புப் பலகையில் வெப்பை ஏந்திப் பிடித்தால் நெப்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதை எண்ணித்தான் கார்டிங்கின் யோக்கியதையைச் சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எண்பதுகள் முழுக்க அப்பா புருவத்தில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தார். நான் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே கதைப்புத்தகம் படித்தேன். மில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு பி.எஸ்சி. முடித்தேன்.

தொண்ணூற்றேழில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., வாசலில் செருப்பு நிறுத்தம். உள்ளே போக மூலஸ்தானத்துக்குப் போகிற பவ்யம் வேண்டும். அப்பாவிடம் பயந்து பயந்துதான் கேட்டேன்.

"அப்பா, வெப் கோர்ஸ் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. படிக்கட்டுமா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. "வெப்பா? அதுக்கெல்லாம் கோர்ஸ் வந்துருச்சாலே?"

"வந்துருச்சுப்பா. இனிமே அதுக்குத்தான் காலம்."

"எப்பவுமே அதுக்குத்தான்லே காலம். போ, படி."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பஸ் இறங்கி வந்ததும் விசாரிப்பார்.

"இன்னைக்கு வெப்பு எப்படி வந்துச்சு?"

"நல்லா வந்துச்சுப்பா. ஓரம் மட்டும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது."

"ஓரம் அப்படித்தான் இழுக்கும். செட்டிங்கைப் பாரு. அவசரப்படாத."

மறுநாள் செட்டிங்கைப் பார்த்தேன். சரியாகிவிட்டது. அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வயதைத் தாண்டியவனுக்கு அந்த நம்பிக்கை திரும்பி வந்தால் அவன் ஏன் ஆராயப் போகிறான்?

அப்பாவும் நானும் ஒரு வருடம் முழுக்க மனம் விட்டுப் பேசியது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். இருவரும் வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் சண்டையே வரவில்லை.

4

தொண்ணூற்றெட்டு புரட்டாசியில் ஒரு நாள் அப்பா வேகமாக வீட்டுக்கு வந்தார். "ஏலே பாலு, மில்லுல வெப்புக்கு ஆளெடுக்காவ. எம்மவன் ஒரு வருசமா வெப்புதான் படிக்கான்னு மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வரச் சொன்னாவ."

மில்லுக்கும் வலைத்தளம் வந்துவிட்டது, ராஜபாளையம் முன்னேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்பா தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எனக்குப் போட்டுவிட்டார். தோள் இறங்கி நின்றது. அதோடுதான் போனேன்.

மாஸ்டர் அறையில் மூன்று பேர். நடுவில் வேலாயுதம் மாஸ்டர், இரண்டு பக்கமும் அவர் சிரித்தால் சிரிக்க வேண்டிய இரண்டு பேர். அப்பா வெளியே கதவை ஒட்டி நின்றார்.

"சீனி மகனா? சரி. நல்ல வெப்புன்னா எப்படிடே இருக்கணும்?"

"லேசா இருக்கணும் சார். கனமா இருந்தா இறங்க நேரமாகும்."

"சபாஷ். அறுந்து போச்சுன்னா?"

"எந்த இடத்துல அறுந்துச்சோ அங்க போயி ஒட்டணும் சார். ஒண்ணு அறுந்தா பின்னாடி இருக்கதெல்லாம் வராது."

மாஸ்டர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ‘பார்த்தீர்களா பிள்ளையை’ என்கிற பார்வை. மேஜை மேல் இருந்த கருப்புப் பலகையை என் முன்னால் நகர்த்தினார். அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இதப் பாத்தா என்ன தோணுது?"

வடிவமைப்பு பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "பின்னணி கருப்பா இருக்கது எடுப்பாத்தான் இருக்கு சார். வெள்ளைப் புள்ளி கொஞ்சம் கூட வச்சா இன்னும் நல்லாருக்கும்."

"கூட வச்சாவா?" மாஸ்டர் முகம் லேசாகச் சுருங்கியது. "சரி, இதுவரை எத்தன இஞ்ச் வெப்புல வேல பாத்துருக்க?"

"பதினாலு இஞ்ச் சார். ஒரு தடவ பதினஞ்சு."

"அதென்னடே பதினாலு? நம்மகிட்ட எல்லாமே நாப்பது இஞ்ச்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "நாப்பது இஞ்ச் மானிட்டரா சார்!"

 இடது பக்கத்துக்காரர் மெதுவாகக் கேட்டார், "தம்பி, நீ என்ன படிச்சிருக்க?" சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த சிரிப்பை நான் இன்று வரை வேறு எங்கும் கேட்டதில்லை. மாஸ்டர் மேஜையை அடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துச் சிரித்தார். எனக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் கதவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய் சீனி! உள்ள வாடே. உம்மவன் வெப்பு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுதாம்டே! பஞ்சே இல்லாம வெப்பு எடுக்கானாம்!"

அப்பா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். ஒரு வருடச் சாயங்காலங்கள் எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை நான் பார்த்தேன்.

மாஸ்டர் விடவில்லை. கருப்புப் பலகையில் ஒரு வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தா இருக்காம் பாரு உம்மவன். நெப்பு! எங்கயோ சிக்கிக்கிட்டு வந்த முடிச்சுடே."

அப்பா சிரித்தார். மற்ற மூன்று பேரோடும் சேர்ந்து, அவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே, குனிந்து சிரித்தார்.

என்னைப் பார்த்துச் சிரித்ததற்காக வேலாயுதம் மாஸ்டரை நான் மன்னித்திருப்பேன். அந்த இடத்தில் நானே வெளியாளாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் அப்பாவைச் சிரிக்கவைத்தாரே, அதற்குத்தான் இருபத்தைந்து வருடம்.

5

ஷிப்ட் முடிவதற்குள் கதை மில்லைச் சுற்றியது. மறுநாள் டீக்கடையில் நான் ‘நெப்பு’. ஒரு வாரத்தில் பஸ் கண்டக்டருக்கும் நான் நெப்பு. மம்சாபுரத்திலிருந்து எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் பாலு வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். "நெப்பு வீடா? அந்தா, ரெண்டாவது" என்று வழி காட்டியிருக்கிறார் ஒரு நல்லவர். இரண்டாவது வீடு வரை அவர்கள் வரவில்லை.

அடுத்த இண்டர்வியூ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சகத்தில். முதலாளி விண்ணப்பத்தைப் பார்த்ததும், "வெப் ஆப்செட் ஓட்டுவியா? எம்புட்டு ஸ்பீடு?" என்றார். காகிதச் சுருளில் அச்சடிக்கிற மிஷினுக்கும் அதே பெயராம். அடிபட்டவன் என்பதால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், "சார், நான் சொல்லுத வெப்பு வேற."

"பஞ்சு வெப்பாடே?"

"அதுவும் இல்ல சார்."

"அப்ப எந்த வெப்பு?"

"கண்ணுக்குத் தெரியாது சார். உலகம் பூராவும் இருக்கு."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "தம்பி ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்றார்.

அந்த ஊர்களில் எல்லோரிடமும் ஒரு வெப் இருந்தது. நான் படித்த வெப் மட்டும் யாரிடமும் இல்லை.

அந்த நாட்களில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று, அப்பாவின் உற்சாகம். ஐப்பசி பிறந்ததிலிருந்து மனிதர் மில்லிலிருந்து சீட்டியடித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன் ஊர் சிரிக்க வெளியே தலைகாட்ட முடியாமல் கிடக்கிறான், அப்பனுக்குச் சீட்டி கேட்கிறது! ஒரு சாயங்காலம், அவர் முற்றத்தில் உட்கார்ந்து தன் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிஷினில் இரண்டு பாகத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று விட்டுப் பார்க்கிற தகடு அது. மில்லை விட்டு அதை அவர் வெளியே கொண்டுவந்து அன்றுதான் பார்க்கிறேன். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, அன்னைக்கு அவிய கூடச் சேந்து நீயும் சிரிச்சியே. எப்படிப்பா முடிஞ்சுது?"

அப்பா தகட்டை வெளிச்சத்தில் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எல்லாம் ஒரு மயிரிழைலே. அம்புட்டுதான்."

சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் என்று தத்துவம் பேசுகிறார் என நினைத்தேன். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் ராஜபாளையத்தில் புதிதாக வந்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ‘வெப் மாஸ்டர் வேலாயுதம்’ பக்கத்தைச் செய்தேன். நான் இணையத்தில் ஏற்றிய முதல் பக்கம் அதுதான். நெருப்பு எரியும், பெயர் சுழலும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் ஓடும். நாற்பத்தொன்று வரை ஓடியது. நாற்பது நான். மிச்சம் ஒன்று, சென்டர்க்காரர், திரையைத் துடைக்கும்போது தவறி அழுத்தியது.

தை மாதம் பெங்களூரில் ஒரு கம்பெனியில், "நீயே செய்த பக்கம் ஏதாவது காட்டு" என்றார்கள். வேறு எதுவும் இல்லாததால் அதைக் காட்டினேன். தமிழ் தெரியாத அந்த மனிதர் நெருப்பைப் பார்த்து, "யாரோ பெரியவர் மேல் உனக்கு ரொம்பப் பக்தி போல" என்று வேலை கொடுத்தார். இதையும் நான் மாஸ்டரின் கணக்கில் வரவு வைக்கவில்லை.

6

கோமதியின் கடிதம் வந்த வாரக் கடைசியில் உடைந்த எழுத்துகளை உட்கார்ந்து தேற்றினேன். பதினேழு வயது மகள் மது பின்னால் வந்து நின்றாள். அவள் தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள், ஆகவே என் எழுத்தாள வாழ்க்கைக்கு அவளால் ஆபத்து இல்லை.

"இது என்னப்பா, தமிழா?"

"தமிழாக இருந்தது. திரும்ப ஆகிக்கொண்டிருக்கிறது."

விஷயத்தைச் சொன்னேன். "ஒரு இண்டர்வியூக்காகவா?" என்றாள். போன வாரம்தான் ரொட்டிக்கடையில் சனிக்கிழமை வேலை கேட்டுப் போயிருந்தாள். ஏழு நிமிடம். அவர்கள் இவளைக் கேள்வி கேட்டார்கள், இவள் அவர்களைக் கேள்வி கேட்டாள், கை குலுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வெளியே கதவை ஒட்டி நிற்கவில்லை. நிற்கட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்குப்பா?" என்றாள். அவள் கேட்டது உண்மையாகவே தெரியாமல்தான். அவ்வளவு தூரம் போய்விட்டாள்.

சாபம் முழுதும் தமிழாகித் திரையில் நின்றது. படித்தேன். அவமானமாக இருந்தது. சபித்ததற்காக இல்லை; சபித்த லட்சணத்துக்காக. மாஸ்டரின் மிஷின் எல்லாம் துருப்பிடிக்க வேண்டும், வழுக்கையில் நெப்பு முளைக்க வேண்டும், அய்யனார் கோயில் அருவியில் குளிக்கப் போனால் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லாம் இருந்தது, ஒன்று மட்டும் இல்லை. அப்பா சிரித்தது இல்லை. இருபத்துமூன்று வயதில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

மனைவி, "எண்பது வயசு மனுஷன். நல்லதா நாலு வரி எழுதி அனுப்புங்க" என்றாள். நல்லதாக நாலு வரி எழுதத் தெரியாதவனா நான்? ஆனால் எண்பதாம் கல்யாணத்தில் உட்கார்ந்து அதையும் வாங்கிக்கொண்டு போகவா அவரை விட வேண்டும்?

துருவையும் வழுக்கையையும் நீக்கினேன். அருவியை எடுத்தேன். கடைசியில் ஒரே ஒரு பத்தி சேர்த்தேன். புரட்டாசி மாதம், கருப்புப் பலகை, கதவுக்கு வெளியே நின்றவரைக் கூப்பிட்டது, அவர் குனிந்து சிரித்தது. ஒரு வசவுகூட இல்லை. அடியில் ‘சீனிச்சாமி மகன் நெப்பு’ என்று கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் போட்டேன். "விழாவில் வாசிக்கலாம்" என்று கோமதிக்கு அனுப்பிவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

7

பதில் வரவில்லை. மூன்று வாரம் வரவில்லை. கோமதிக்காக ஒரு நாள் வருத்தப்பட்டேன். மற்ற நாட்களில் தபால் பெட்டியைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு காலை தோசைக்கல் அடுப்பில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கோமதிதான். குரல் தணிந்திருந்தது. "சார், மேடையில வாசிக்கல. வீட்டுல அப்பாவுக்குத் தனியா வாசிச்சேன். மறுபடி வாசின்னாங்க. இப்ப உங்ககிட்ட பேசணுமாம்." பின்னால் நாதஸ்வரம் ஓய்ந்து, இலை போடுகிற சத்தம் கேட்டது. கல்யாணம் அன்றைக்குத்தான் போலிருக்கிறது.

"ஏலே நெப்பு!"

குரல் மாறவேயில்லை. காது மட்டும் மந்தம் என்று தெரிந்தது, அவ்வளவு சத்தம்.

"சொல்லுங்க மாஸ்டர்."

"சிரிச்சது நெசந்தாம்லே. இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. நாப்பது இஞ்ச் மானிட்டரு!" சிரித்தார். இருமினார். மன்னிப்பு இதோ வருகிறது என்று தோசையைத் திருப்பாமல் காத்திருந்தேன். வரவில்லை. "சீனி செத்துட்டானாமே?"

"ஒம்பது வருஷம் ஆச்சு மாஸ்டர்."

"நல்ல மனுசன்லே. நீ என்னமோ அவன நான் கேவலப்படுத்திட்டேன்னு எழுதிருக்க. அவன் அப்படி நெனைக்கவே இல்ல, தெரிஞ்சுக்கோ. நீ வந்துட்டுப் போன மறு மாசம், ஐப்பசியில, எனக்கு ஒரு சனி புடிச்சுது பாரு. கார்டிங் பூரா நெப்பு. இன்னைக்கு ஒண்ணாம் நம்பர் மிஷின்ல, அதைப் பாத்தா நாளைக்கு நாலாம் நம்பர்ல. பஞ்சை மாத்துனேன். கம்பியை மாத்துனேன். கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூட்டியாந்தேன். ஒண்ணும் கதைக்காகல. மொதலாளி அத்தன பேரு முன்னால கருப்புப் பலகையை எம்மூஞ்சிக்கு நேரா புடிச்சு, ‘என்ன மாஸ்டர், வெப்பா, அம்மை போட்ட மூஞ்சியா’ன்னு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சான். நானும் சிரிச்சேன், என்ன செய்ய?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"அப்ப எனக்கு ஆறுதல் சொன்னவன் உங்கப்பன் ஒருத்தன்தான். தெனமும் பக்கத்துல வந்து நிப்பான். ‘எங்கயோ சிக்கிக்கிட்டு வந்த முடிச்சு மாஸ்டர், போயிரும்’பான். அதே மாதிரி தை மாசம் தன்னால போயிருச்சு. என்ன காரணம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"தை மாசமா மாஸ்டர்?"

"பொங்கல் கழிச்சு. ஏன்?"

பொங்கல் கழித்துத்தான் அப்பா என்னைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "சும்மா கேட்டேன் மாஸ்டர். நூறு வயசு இருக்கணும் நீங்க."

போனை வைத்தபோது மது கேட்டாள், "அவர் ஸாரி சொன்னாராப்பா?"

"இல்லை."

"அப்ப ஏன் சிரிக்கிறீங்க?"

கார்டிங்கில் பஞ்சு வாரும் உருளைக்கும் மேலே இருக்கும் சீப்புக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்பதை அவளுக்கு விளக்கினேன். அது கொஞ்சம் கூடினால் போதும், முடிச்செல்லாம் அவிழாமல் அப்படியே வந்துவிடும். வெளியே நின்று பார்க்கிற எவனுக்கும் தெரியாது. கேஜ் வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். அவள் கண் விரிந்தது. "தாத்தா ஹேக் பண்ணிட்டாரா!"

நான் நெருப்புப் படம் போட்டேன், நாற்பது முறை நானே பார்த்துக்கொண்டேன். அவர் மூன்று மாதம் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார், சாகும்வரை வாய் திறக்கவில்லை. என்னிடம் சொன்னால் வலைப்பக்கத்தில் போட்டுவிடுவேன் என்று தெரிந்திருக்கும்.

போட்டுவிட்டேன். அப்பா தப்பாகக் கணிக்கவில்லை. இந்தக் குறிப்பு வரும் இதழ் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் என்றும், மாஸ்டர் ஒரு வரி விடாமல் படிப்பார் என்றும் கோமதி சொன்னார். ஆகவே, மாஸ்டர், நீங்கள் பஞ்சை மாற்றியும் கம்பியை மாற்றியும் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தும் தேடியது ஒரு மயிரிழை. உங்கள் பக்கத்திலேயே நின்று உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டைப்பையில் அது இருந்தது.